வால் நுனி மறையும் வரை

பாம்பு எலியை விழுங்கும்போது கடைசியாக உள்ளே போவது வால். தலை, தோள், வயிறு எல்லாம் போன பிறகும் மெல்லிய நூல் போல அந்த வால் பாம்பின் உதட்டோரம் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிற யாருக்கும் அந்த இடத்தில் அலுப்பு வந்துவிடும். முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவோம். அவள் எழமாட்டாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து, இரண்டு கைகளையும் முழங்காலைச் சுற்றிக் கோத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். நூல் முழுவதும் மறைய வேண்டும். பாம்பு வாயை ஒருமுறை அகலத் திறந்து, தாடையைச் சரிசெய்து, மூட வேண்டும். அதற்குப் பிறகும் சின்ன டார்ச்சை அடித்து வாயோரத்தில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்த பிறகுதான் "கலாஸ்" என்பாள், முடிந்தது என்று.

அமீரகத்தில், புஜைராவில் ஓர் அரபி வீட்டில் நான் டிரைவராக இருந்தேன். அவள் அந்த வீட்டுப் பணிப்பெண். இலங்கை மலையகத்துக்காரி. என்னைவிட ஆறேழு வயது இளையவள். நான் கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரைக்காரன். அந்த வீட்டில் தமிழ் பேச எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவளுக்கு முன்பு வேலை பார்த்த பெண்ணின் பெயரைச் சொல்லியே இவளையும் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் பழகிவிட்டதாம். நான் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. சொந்தப் பெயர் என்ன என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. தங்கச்சி என்பேன். மூன்று வருஷம் அப்படியே போய்விட்டது. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அவளிடம் ஒரு கேள்வி உண்டு. கேஸ் மூடியாச்சு என்றாலும், வாசல் கதவு பூட்டியாச்சு என்றாலும், வண்டிக்குப் பெட்ரோல் இருக்கிறது என்றாலும் அதே கேள்விதான்.

"பாத்தீங்களாண்ணே, நெனச்சீங்களாண்ணே?"

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. "போலீஸ்காரி மாதிரி கேக்காத தங்கச்சி" என்றேன் ஒருநாள்.

"போலீஸ்காரங்க கேக்க மாட்டாங்கண்ணே. அவங்களா எழுதிக்குவாங்க."

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு ஒரு மத்தியானத்தில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பிள்ளைகளையும் கூட்டிவந்து, வண்டியை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு, சமையலறை வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மூணும் எறங்கிருச்சா?"

"எறங்கியாச்சு."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

பெரியவன் ஓடியதைப் பார்த்தேன். நடுவிலுள்ளவள் பையை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். சின்னவன்? சாவியோடு ஓடினேன். பின் இருக்கைக்குக் கீழே, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை. தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் ஈரத் துணியால் அவன் முகத்தைத் துடைத்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் அம்மா, மேடத்திடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் எரிச்சல்பட்டதில்லை.

முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். துறைமுகத்தில் பெரிய வேலையில் இருந்தார். கத்துகிற மனுஷர் இல்லை. ஆனால் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். எனக்கு முந்தைய டிரைவர் ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் பொய் சொன்னான் என்று ஒரே மாலையில் அவன் விசாவை கேன்சல் செய்து அனுப்பியிருந்தார். அவருக்கு ஒரு பிரியம், பாம்பு. விருந்தினர் உட்காரும் மஜ்லிஸை ஒட்டிய சின்ன அறையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருந்தார். ஒன்றில் ஆரஞ்சு நிறத்தில் விரல் தடிமனில் ஒரு பாம்பு. மற்றதில் பழுப்பும் கறுப்புமாக, முன்கை தடிமனில் ஒரு குட்டை மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும் வகை. இரண்டுக்கும் விஷம் கிடையாது. அது தெரிந்தும் நான் அந்த அறையின் வாசலைத் தாண்டமாட்டேன்.

ஆரம்பத்தில் அர்பாப்தான் இரை கொடுத்தார். வேலை கூடியதும் என்னிடம் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, தலையாட்டிவிட்டேன். இரை என்பது உறைந்த எலி. கடையிலிருந்து பாக்கெட்டாக வரும். கார் ஷெட்டில் இருந்த பழைய பிரிட்ஜில் வைத்திருப்போம். நான் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாம்பு அறை வாசலில் நின்றதை அவள் பார்த்தாள்.

"குடுங்கண்ணே."

"உனக்குப் பயமில்லையா?"

"பயந்தான். பயந்துகிட்டே பாக்க ஏலாதா?"

அப்போது பெட்டிகளில் மரச்சீவல் பரப்பியிருந்தது. இரண்டாவதோ மூன்றாவதோ முறை ஆரஞ்சுப் பாம்பு தின்று முடித்ததும் அவள் என்னைக் கூப்பிட்டாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். பாம்பு வாயைத் திறந்து திறந்து மூடியது. கண்ணாடியில் முகத்தைத் தேய்த்தது. உள் உதட்டில் ஒரு சீவல், ஊசி மாதிரி, குறுக்கே நின்றது. அவள் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை நனைத்தாள். இடது கையால் பாம்பின் கழுத்தடியைத் தாங்கி, வலது கையால் அந்தச் சீவலைப் பக்கவாட்டில் தள்ளி எடுத்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரிசி அளவுதான்.

"இத முழுங்கியிருந்தா எங்க போய் நிக்கும்ணே?"

மறுநாள் என்னை பாம்பு வாங்கிய கடைக்கு போன் போடச் சொன்னாள். எனக்குத் தெரிந்த இந்தியில் நான் கேட்க, அந்தக் கடைக்காரன் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அவள் சின்னவனின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள். முதலில் வெறும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி அங்கே வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். ஆரஞ்சு ஒழுங்காகத் தின்றது. மலைப்பாம்பு தின்ற பிறகு திரும்பத் தூக்கி வைத்தபோது, அவ்வளவையும் கக்கிவிட்டது. அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. அதன் பிறகு பாம்பை நகர்த்துவதை விட்டுவிட்டாள். குளியலறையில் பதித்து மிஞ்சிய ஒரு தரை ஓடு கார் ஷெட்டில் கிடந்தது. அதைக் கழுவி, இரை கொடுக்கும் பெட்டிக்குள் சீவல் மேல் வைப்பாள். கல்லு என்போம் அதை. தட்டு என்றால் பாம்பு தள்ளிவிடும். ஓடு கனமாக நிற்கும். வெந்நீரில் உருகிய எலியை டிஷ்யூ பேப்பரில் உருட்டி, வால் இடுக்குகூட விடாமல் துடைப்பாள். ஈரமில்லை என்றால் தூள் ஒட்டாது. இறைச்சி சுடும் நீள இடுக்கியால் பிடித்து ஓட்டின் நடுவில் காட்டுவாள். தின்ற பிறகு இரண்டு நாளைக்கு யாரும் தொடக்கூடாது. நோட்டில் தேதி, எத்தனை எலி, எப்போது மலம் கழித்தது என்று எல்லாம் எழுதுவாள்.

"ஆஸ்பத்திரி நர்ஸ் தோத்துட்டா" என்றேன்.

"நர்ஸுக்கு வாய் உள்ள நோயாளிண்ணே. வலிக்குதுன்னு சொல்லும்."

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அர்பாபின் நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். மலைப்பாம்பு தின்பதைப் பார்க்க வேண்டுமாம். அதற்குள் இரண்டு பெட்டியிலும் மரச்சீவலை எடுத்துவிட்டுத் தென்னை நார்த் தூளைப் போட்டிருந்தார்கள். ஈரம் காக்கும் என்று கடையில் சொன்னதாக அர்பாப் வாங்கிவந்தார். அவள் இடுக்கியும் எலியுமாக வந்தாள். ஒரு நண்பர் தரை ஓட்டைக் காட்டி, இது என்ன குளியலறையா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அர்பாப் கையை விட்டு ஓட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டார். மண்ணில் தின்கிற மாதிரி தின்னட்டும், யல்லா, ஆகட்டும், என்றார்.

அவள் நகரவில்லை. எலியை இடுக்கியில் உயரத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பாம்பு தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி, அந்தரத்தில் இருக்கும் எலியைத் தேடியது. அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. அர்பாபின் முகத்தை நான் பார்த்தேன். அவர் முதலில் அவள் கையைப் பார்த்தார், பிறகு அவளை.

"ஷுவைய, அர்பாப்" என்றாள் அவள். கொஞ்சம் பொறுங்கள் என்று. அவளது அரபி அவ்வளவுதான்.

பாம்பு பாய்ந்தது. எலியோடு இடுக்கியின் நுனியையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு தொங்கியது. அவள் வலது கையில் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டே இடது கையால் வெளியே கிடந்த ஓட்டை எடுத்து, உள்ளே வைத்து, பாம்பை எலியோடு அதன்மேல் இறக்கினாள். இடுக்கியைச் சுருளிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக உருவினாள். நண்பர்கள் கை தட்டினார்கள். அவர்கள் அதையும் வித்தை என்று நினைத்துவிட்டார்கள். அர்பாப் கை தட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் ஓட்டைத் தொட்டதில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அவளுடைய மூன்றாவது வருஷம். ஊருக்குப் போக அர்பாப் சம்மதித்து, மூன்று வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. பாஸ்போர்ட் அர்பாபின் அலமாரியில். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. நாலு வயதில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள், இப்போது ஏழு. இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை போனுக்கு வர மறுத்தது.

"மறந்திருக்கும் தங்கச்சி. சின்னப் பிள்ளைல்லா" என்றேன்.

"மறக்கல்லண்ணே. கோவத்துல இருக்கா. மறந்திருந்தா திருப்பிப் பழக்கலாம். கோவம் வேற. நேர்ல போகணும்."

அந்த வாரம் விசா புதுப்பிக்க அவளுக்கு மெடிக்கல் இருந்தது. காலையில் கொண்டுபோய் விட்டேன். பிற்பகலில் போய்க் கூட்டிவர வேண்டும். இறங்கும்போது சொன்னாள், "இன்னைக்கி மலைப்பாம்புக்கு நாளு. நான் வந்து குடுக்கிறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஒரு நாள் பிந்தினா அது சாகாது."

பதினொரு மணிக்கு அர்பாபிடமிருந்து போன். அன்று மாலை இரண்டு வாரப் பயணமாக வெளிநாடு போகிறார். பாம்பு தின்றுவிட்டதா? இல்லையென்றால் நீ கொடு, நான் விமானம் ஏறுவதற்கு முன் தெரிய வேண்டும் என்றார். சரி என்றேன். அவள் வந்து கொடுப்பாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

எலியை வெந்நீரில் போட்டேன். அது உருகுவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிவரும் நேரம் நெருங்கிவிட்டது. துடைக்கவில்லை. இடுக்கியில் பிடித்துப் பெட்டிக்குள் நீட்டினேன். பாம்பு தலையைத் தூக்கியதும் என் கை உதறியது. எலி ஓட்டின் விளிம்பில் பட்டு நார்த் தூளில் விழுந்து புரண்டது. ஈர எலி. எங்கள் வீட்டில் மீன் பொரிக்க ரவையில் புரட்டி எடுப்பார்களே, அப்படி மேலெல்லாம் தூள். எடுக்கலாம் என்று இடுக்கியைக் கொண்டுபோவதற்குள் பாம்பு கவ்விவிட்டது.

அது வேறு எதுவாக இருந்திருந்தாலும் பயந்திருப்பேன். கண்ணாடித் துண்டு, சிமெண்ட், மரச்சீவல் எதுவென்றாலும். ஆனால் அது கதம்பல். எங்கள் ஊரில் தேங்காய் மட்டையை அப்படித்தான் சொல்வோம். பிறந்ததிலிருந்து அதன் நடுவில் வளர்ந்தவன் நான். பாத்திரம் துலக்குவது அதில். ஆடு அதை மெல்லும். அந்தத் தூள் மூக்கிலும் சோற்றிலும் விழாத நாளில்லை. கதம்பல் தூள் யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். தண்ணீர் பட்டால் அது எவ்வளவு ஊதும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவள் திரும்பி வந்ததும் பாம்பு அறைக்குப் போனாள். வெளியே வந்து என்னிடம் கேட்டாள்.

"பாத்தீங்களாண்ணே, நெனச்சீங்களாண்ணே?"

"பாத்தேன். கல்லுலதான் குடுத்தேன். வால் போறவரைக்கும் நின்னேன்."

மூன்று பொய். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று நோட்டை எடுத்து எழுதினாள். 'அண்ணன் குடுத்தது, அண்ணன் பாத்தது' என்று எழுதியிருந்ததை நான் பிறகுதான் படித்தேன்.

பத்து நாளுக்குள் அது கழிக்கும் என்று நோட்டில் இருந்தது. பத்து நாள் ஆயிற்று. கழிக்கவில்லை. வழக்கமாகச் சுருண்டு கிடக்கும் பாம்பு, தடி மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தது. வால் பக்கத்தில் வீங்கிய ஒரு முண்டு. அவள் தினமும் நாலைந்து முறை போய்ப் பார்த்தாள். ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டி கட்ட ஆரம்பித்தவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். பதினோராம் நாள், நான் வண்டி துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"என்ன?"

"அன்னைக்கித் தூள் எதும் ஒட்டிச்சா? ஒட்டல்லன்னா நான் தொட மாட்டேன். தொட்டா கக்கும், சும்மா இருக்கிறதைக் கெடுத்ததாப் போயிரும். ஒட்டியிருந்தா இப்பவே சுடுதண்ணியில வெக்கணும். ரெண்டுல எதுன்னு பாம்பு சொல்லாது. நீங்கதான் சொல்லணும்."

நான் பானெட்டைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். அவள் நின்றாள்.

"நான்... கல்லுலதான்" என்றேன்.

"சரிண்ணே" என்று போய்விட்டாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. சொன்னால் என் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றிய நேரம் உண்டு. ஆனால் பொய் என்று அவள் முகத்துக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முடியவில்லை. மறுநாள் காலை அவள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து ஈரமான ஒரு மீனை எடுத்தேன். அவள் என்ன என்று கேட்பதற்குள் கார் ஷெட்டுக்குப் போய், நார்த் தூள் மூட்டையில் அதைப் போட்டுப் புரட்டி எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள்.

"இவ்வளவா?"

தலையாட்டினேன்.

"வாலு?"

"பாக்கல்ல."

மீனை என் கையிலிருந்து வாங்கிக் குழாயடியில் காட்டினாள். தூள் லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவள் தோள் மட்டும் ஆடியது. திரும்பியபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"பன்னெண்டு நாளு. வாங்க, தண்ணி சுட வெப்போம்."

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போட்டுச் சூடு பார்த்தாள். உடம்பு பாதி நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர், மூடியில் ஓட்டை போட்ட பெட்டி, இருபது நிமிஷம். முதல்முறையாக நான் அந்த அறையிலிருந்து ஓடவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையும் மாலையும் இரண்டு நாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இரண்டாம் நாள் மாலை பாம்பு வாயை லேசாகத் திறந்தபடி வைத்திருந்தது.

"இது நம்ம கையில இல்லண்ணே. டாக்டர்கிட்ட போகணும். ஷார்ஜாவுல ஒருத்தர் இருக்காருன்னு கடைக்காரன் சொன்னானே."

"அர்பாபுக்குத் தெரியாம வண்டி எடுக்க முடியாது."

"தெரிஞ்சே எடுப்போம்."

"அவரு உன்னை ஊருக்கு விடாட்டா?"

அவள் மூடியை எடுத்துப் பாம்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள், "நான் போன் போட்டா பாம்பு எப்பிடிக் கெடக்குன்னு சொல்லுவேன். யாரு குடுத்தான்னு கேட்டா நான் வீட்டுல இல்லன்னு சொல்லுவேன். அதுக்கு மேல நான் பாக்கல்ல. மிச்சம் உங்க வாயில இருக்கு."

நானே போன் போட்டேன். பாதி அரபி, பாதி இந்தி. ஈர எலி, தூள், நான், பொய், என் தவறு. அவள் வீட்டில் இல்லை என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அர்பாப், "அவளையும் கூட்டிக்கொண்டு இப்போதே போ" என்றார். வைத்துவிட்டார்.

மலைப் பாதையில் மசாஃபி வழியாகப் போனோம். பாம்பைத் தலையணை உறையில் இட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்திருந்தாள். ஏசி அதிகமானால் குறைக்கச் சொல்வாள். வெயில் பட்டால் துப்பட்டாவால் மறைப்பாள். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, பெட்டியில் என்ன என்றார். பாம்பு என்றேன். அவர் சிரித்து, பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தி, போ என்று கையசைத்தார். அவள் வழி முழுவதும் ஒரே ஒரு முறைதான் பேசினாள்.

"ஊதும்னு உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணே? உங்க ஊருலயும் மட்டை ஊற வெப்பாங்கதானே."

"தெரியும்."

"ம்" என்றாள்.

டாக்டர் கேரளத்துக்காரர். எக்ஸ்ரே எடுத்து விளக்குக்கு முன்னால் மாட்டினார். பாம்பின் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டி. இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். எண்ணெயும் வெந்நீரும் ஏற்றி, விரலால் நீவி நீவி, ஒரு மணி நேரம். பழுப்பு நிறத்தில், கயிற்று முடிச்சு மாதிரி அது வெளியே வந்தது. அவள் அதைக் கேட்டு வாங்கி, கையில் வைத்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் பார்த்தேன்.

இரண்டு வாரத்துக்கு அதற்கு இரை கிடையாது. அப்புறம் சின்ன எலி, ஒன்று மட்டும், யாராவது கவனமாகப் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு வாரம் கழித்து அவள் ஊரில் இருக்க வேண்டும்.

அர்பாப் வியாழக்கிழமை திரும்பினார். முதலில் பாம்பைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார். என் விசாவைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடம் கேட்டார்.

"நீ போனால் இரண்டு மாதம் இவன்தான் கொடுக்க வேண்டும். இவனை நம்பலாமா? நம்பலாம் என்று நீ சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போ. இல்லையென்றால் வேறு ஆள் வரும்வரை நீ இரு. டிக்கெட்டை மாற்றுகிறேன்."

நம்பலாம் என்று ஒரு வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவளும் சொல்லலாம், அவளுடைய பிள்ளை அந்தப் பக்கம் இருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அர்பாபைப் பார்த்து, எனக்கும் புரியும் அளவு மெதுவாக, தெரிந்த அரபியைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னாள். தெரியாது. அவர் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாளைக்கு ஆரஞ்சுக்கு நாள். அவர் கொடுக்கட்டும். நான் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை. அர்பாப் நாற்காலியில். அவள் கீழே, வழக்கமான இடத்தில். நான் எலியைத் துடைத்தேன். டிஷ்யூவில் ஈரம் ஒட்டாமல் போகும்வரை துடைத்தேன். வால் இடுக்கு, காது மடல், கால் விரல்கள். இன்னொரு டிஷ்யூ எடுத்தேன். அர்பாப் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஓட்டின் நடுவில் நீட்டினேன். ஆரஞ்சுப் பாம்பு பாய்ந்து கவ்வியது. கை உதறத்தான் செய்தது. ஆனால் இடுக்கியை விடவில்லை, அது சுற்றி முடித்த பிறகு விட்டேன். அது புரண்டு ஓட்டின் விளிம்பைத் தாண்டிப் பாதி உடம்பைத் தூளில் போட்டது. பிறகு தலையைத் தேடி விழுங்கத் தொடங்கியது. தோள்வரை போனபோது பார்த்தேன். எலியின் பின்காலில் ஒரு நார் மாட்டியிருந்தது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். துடைத்த எலியில் தூள் ஒட்டவில்லை. இது நகத்தில் கொக்கி போட்டிருந்தது.

இழுத்தால் பாம்பு மிரண்டு கக்கும். கக்கினால் அர்பாபின் பதில் தெரியும். விட்டால் உள்ளே போகும். நான் அவளைப் பார்த்தேன். அவள் நாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் கைகள் முழங்காலில் இறுகியிருந்தது மட்டும் தெரிந்தது.

இடுக்கியை எடுத்தேன். பாம்பின் கண்ணுக்குப் பின்பக்கமாக, தாழ்வாக, கொண்டுபோனேன். நாரின் நுனியை மட்டும் பிடித்தேன். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பாம்பு தாடையை ஒரு பக்கம் நகர்த்தியது, மறுபக்கம் நகர்த்தியது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எலி கொஞ்சம் உள்ளே போயிற்று, நார் இறுகியது. கழுத்தில் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்கால் வாய்க்குள் போகும்போது நகம் விட்டுக்கொடுத்தது. நார் என் இடுக்கியில் தங்கிவிட்டது.

அர்பாப் எழுந்தார். "கலாஸ்?" என்று அவளைக் கேட்டார்.

அவள் எழவில்லை. வால் இன்னும் வெளியே இருந்தது. நானும் எழவில்லை. அது மெதுவாகக் குறைந்தது. நுனி மறைந்தது. பாம்பு வாயை அகலத் திறந்து, தாடையைச் சரிசெய்து, மூடியது. அவள் டார்ச்சை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அடித்தேன். வலது ஓரம், இடது ஓரம். பிறகு அவள் முன்னால் வந்து, என் கை மேலாகக் குனிந்து, தானும் பார்த்தாள்.

"பாத்தேன், அர்பாப். இவரு குடுக்கலாம்" என்றாள், தமிழில். அர்பாபுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் உள்ளே போய், பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்தார்.

அவள் அதை உடனே எடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மூடியை இழுத்து மூடினாள். இடது கொக்கியை மாட்டி அசைத்துப் பார்த்தாள். வலது கொக்கியை மாட்டி அசைத்துப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் மேசைப் பக்கம் திரும்பினாள்.